பூங்காக்களின் இரவு ஊர்வலங்களை நிறுத்தலாமா?

வவுனியாவில் முகாமைத்துவம் படிக்கும் பிள்ளை ஒருவர் தமது ஒப்படைக்காக என்னிடம் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். டிஸ்னிலாண்ட் போன்ற பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்கள் மின்விளக்கு ஊர்திகளோடு இரவில் நடத்தும் ஊர்வலங்களைத் தொடர்ந்து நடத்த வேண்டுமா, அல்லது வாணவேடிக்கையும் பூங்காவின் கோட்டைச் சுவரில் வீசும் ஒளிப்படமும் ட்ரோன் காட்சியும் வந்துவிட்ட இக்காலத்தில் அவற்றைக் கைவிடலாமா என்பது முதற் கேள்வி. வன்னியில் அப்படியொரு பூங்கா அமைந்தால் அதற்கு இரவு ஊர்வலம் பொருந்துமா என்பது மற்றது. “ஐயா, நீங்கள் கோவில் திருவிழாக்களுக்கு மின்சோடனை செய்தவர், பாரிஸ் பூங்காவின் ஊர்வலத்தையும் கண்ணால் கண்டவர், ஆகவேதான் உங்களிடம் கேட்கிறேன்” என்று எழுதியிருந்தார்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளை. நிறுத்தக் கூடாது. ஆனால் பலரும் சொல்லும் காரணத்துக்காக நான் அப்படிச் சொல்லவில்லை. சிறு வயதில் பார்த்ததைத் தம் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்ற ஏக்கம் உண்மையானதுதான். ஆயினும் அந்த ஏக்கத்தை மட்டும் நம்பி, ஒவ்வோர் இரவும் ஆடுவோருக்கும் ஓட்டுவோருக்கும் வயர் திருத்துவோருக்கும் சம்பளம் கொடுங்கள் என்று ஒரு நிறுவனத்திடம் கேட்க முடியாது. என் காரணம் வேறு. இரவுக் காட்சிகளில் மற்றவை எல்லாவற்றுக்கும் சனம் காட்சியைத் தேடிப் போக வேண்டும். ஊர்வலம் ஒன்றுதான் சனத்தைத் தேடி வருகிறது. நமக்கு இது புதிய விடயம் அல்ல. மூலஸ்தானத்தில் இருப்பவர் இருந்த இடத்திலேயே இருக்க, எழுந்தருளி மூர்த்தி வீதிக்கு வருவது ஏன்? உள்ளே வர இயலாதவர்கள் வெளியே இருக்கிறார்கள் என்பதால்தான். சப்பறம் வடக்கு வீதியால் வரும்போது, படலையடியில் கதிரை போட்டு இருக்கும் ஆச்சி எழும்ப வேண்டியதில்லை. கையைக் கூப்பினால் போதும்.

பூங்காவிலும் இதுவே நடக்கிறது. வாணவேடிக்கைக்குக் கோட்டைக்கு நேர் எதிரே உள்ள திடல் ஒன்றே நல்ல இடம். அங்கே ஒரு மணித்தியாலம் முன்னரே இடம் பிடித்தவருக்கு முழுக் காட்சி, பின்னால் நிற்கும் குள்ளமானவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் முன்னால் நிற்பவரின் முதுகு. ஊர்வலப் பாதையோ நீளமானது, அதற்கு இரண்டு கரைகள் உண்டு. முன்வரிசையே பல நூறு யார் நீளத்துக்கு இருக்கும். தோளில் தூக்க ஆள் இல்லாத பிள்ளைக்கும் அதில் ஓர் இடம் கிடைக்கும். ஒரு கூட்டத்தை ஒரே முற்றத்தில் நெருக்காமல் பரப்பி வைப்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

இந்த ஊர்வலங்களின் வரலாறு நீண்டதல்ல. 1971 ஒக்டோபரில் புளோரிடாவில் டிஸ்னி உலகம் திறந்தபோது, அங்குள்ள குளத்தில் தெப்பங்களின் மேல் மின்குமிழ்களால் மீனும் ஆமையும் கடற்பூதமும் வரைந்து இழுத்துச் சென்றார்கள். நம் தெப்பத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அது வெற்றி பெறவே, பொழுதுபோக்குப் பிரிவை நடத்திய ராபர்ட் ஜானியும் அவருடைய குழுவினரும் அதையே தரைக்குக் கொண்டுவந்து, 1972 யூன் 17 அன்று கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாண்டில் மெயின் ஸ்ட்ரீட் மின் ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். வேனில் இரவுகளில் வந்தவர்களைச் சற்று நேரம் கூடுதலாகப் பூங்காவுக்குள் இருத்துவதே நோக்கம். முதலில் வந்தவை தட்டையான சட்டங்களில் குமிழ்கள் கட்டிய தட்டிகள். 1977 அளவில்தான் அவை முழு உருவமுள்ள ஊர்திகளாயின. குமிழ்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் என்று சொல்லப்படுவதுண்டு. ஊர்திகள் பற்றரியில் ஓடியதால் பின்னால் வயரும் இல்லை, காதடைக்கும் சத்தமும் இல்லை. நான் முதன்முதலில் பொறாமைப்பட்டது இந்த இடத்தில்தான்.

பொறாமைக்குக் காரணம் இருக்கிறது. போர்க்காலத்தில் வன்னிக்குள் மின்கம்பி வழியே மின்சாரம் வரவில்லை. வானொலி கேட்பதற்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். திருவிழா என்றால் ஜெனரேற்றர். அதை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சப்பறத்துக்குப் பின்னால் இழுத்து வருவோம். அது போடும் சத்தத்தில் நாதஸ்வரம் அடிபட்டுப் போகும்; கொஞ்சம் தள்ளி இழுத்தால் வயர் போதாது, கிட்ட இழுத்தால் புகை ஐயரின் முகத்துக்குப் போகும். வீதிக்குக் குறுக்கே கட்டிய தோரண வயர்களை உயர்த்திப் பிடிப்பதற்கென்றே இரண்டு பொடியன்கள் கவைத்தடியோடு முன்னால் நடப்பார்கள். ஒருவன் தடியைப் பதித்தால் மற்றவன் அசையக் கூடாது. அந்த இரண்டு பேரின் கண்ணும் கலசத்தில் இருக்க வேண்டும்; சனத்தில் இருந்தால் கலசம் வயரில் மாட்டும்.

ஊர்வலம் ஒன்றைக் கெடுப்பவை மூன்று: இடைவெளி, ஒலி, இருட்டு. முதல் ஊர்தி போய் அடுத்தது வருவதற்குள் பிள்ளைகள் வீதிக்குள் இறங்கிவிட்டால் ஊர்வலம் அங்கேயே இரண்டாக முறிந்துவிடும். நமது வீதியுலாவில் மூலைக்கு மூலை நின்று மேளச் சமா வைக்கும்போது இது நடக்கும். முன்னால் போகும் காவடி அடுத்த வீதிக்கே போயிருக்கும். டிஸ்னிக்காரர் இதைச் சீரான வேகத்தால் வென்றார்கள். ஒலியை வென்ற முறை இன்னும் அழகானது. முன் ஊர்தியில் ஒரு பாட்டும் பின் ஊர்தியில் வேறொரு பாட்டும் ஒலிக்க, நடுவில் நிற்பவருக்கு இரண்டும் கலந்து இரைச்சலாக விழும் அவலத்தை நம் ஊர்களில் எல்லோரும் அறிவர். அவர்கள் எல்லா ஊர்திகளுக்கும் அடியில் ஒரே மெட்டை ஓடவிட்டார்கள். ஜோன் ஜாக் பெரி, கெர்ஷோன் கிங்ஸ்லி என்ற இருவர் 1967இல் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் செய்த ‘பரோக் ஹோடவுன்’ என்ற துள்ளல் இசை அது. ஒவ்வோர் ஊர்தியின் கதைப் பாட்டும் அந்த மெட்டின் தாளத்துக்கும் சுருதிக்கும் பொருந்துமாறு மேலே வைக்கப்பட்டது. பாதையும் வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, ஊர்தி எந்த வலயத்துக்குள் நுழைகிறதோ அங்குள்ள ஒலிபெருக்கிகள் அந்த ஊர்தியின் பாட்டுக்கு மாறின. ஆகவே எங்கே நின்றாலும் பாட்டு முறியாது, மாறும். நான்கு தவிலும் ஒரே தாளத்தில் நின்று, நாதஸ்வரக்காரர் மட்டும் இராகம் மாற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. ஒரு வருடம் எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றில் சப்பறம் மேற்கு வீதிக்குத் திரும்பும் வேளையில் ஜெனரேற்றர் நின்றுவிட்டது. எண்ணெய்க்குள் தண்ணீர் கலந்திருந்ததை நான் பார்க்கத் தவறிவிட்டேன். ஆயிரம் குமிழும் ஒரே நொடியில் அணைய, ஐயர் கையில் இருந்த கற்பூரத் தட்டு மட்டும் எரிந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, எண்ணெயை மாற்றி மீண்டும் இயக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்திலும் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. யாரோ ஒருவர் அரோகரா என்றார். பிறகு வீதி முழுதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றிரவு எனக்குத் திட்டு விழுந்தது வேறு கதை. ஆனால் சனம் காத்திருந்தது என் குமிழ்களுக்காக அல்ல, வரப்போகும் ஒன்றுக்காக என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலிலிருந்து படையலுக்குரிய மடைப்பண்டம் வரும் வழியில் வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்துக் காத்திருப்பவர்களைப் பாருங்கள். அவர்களும் காத்திருப்பது ஊர்திக்கோ சோடனைக்கோ அல்ல.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். நிறுத்த வேண்டும் என்போர் வெறும் கஞ்சர்கள் அல்லர். வாணவேடிக்கையை ஒரு சிலர் கொளுத்திவிடலாம், ஒளிப்படத்தை ஒருமுறை செய்துவைத்தால் பல வருடம் ஓட்டலாம். ஊர்வலத்துக்கோ ஒவ்வோர் இரவும் ஆட்கள் வேண்டும், ஊர்தி நிறுத்தக் கொட்டகை வேண்டும், பாதையைக் கயிறு கட்டி மறிக்க வேண்டும். மறித்த நேரத்தில் பூங்காவின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் போவது கடினம். மழையும் இருக்கிறது: புளோரிடாவில் கோடை முழுதும் பின்னேரங்களில் இடிமழை கொட்டும், மின்சாரம் சுமந்த ஊர்தியை மின்னலுக்கு நடுவே வீதியில் விட எவரும் துணியார்.

சூரியன் இன்னொரு தடை. 2011 யூலையில் தங்கை குடும்பத்தோடு பாரிசுக்குக் கிழக்கே உள்ள டிஸ்னி பூங்காவுக்குப் போனேன். வன்னியில் வருடம் முழுவதும் ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் பொழுது பட்டுவிடும். பாரிசிலோ அன்று இரவு பத்து மணியாகப் போகும்போதுதான் சூரியன் மறைந்தது. மருமகளுக்கு அப்போது ஐந்து வயது. எட்டு மணியிலிருந்து “மாமா, இருட்டிட்டுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தவள், உண்மையில் இருட்டியபோது என் தோளில் நித்திரையாகிவிட்டாள். முதல் ஊர்தி வளைவில் திரும்பி, அந்தப் பக்கத்து முகங்கள் எல்லாம் நீலமாக மாறியபோது எழுப்பினேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், ஊர்தியில் நின்ற பெண் கையசைத்தாள், இவளும் அசைத்தாள், மீண்டும் தூங்கிவிட்டாள். காலையில் தங்கையிடம் அவள் சொன்னது ஊர்தியைப் பற்றி அல்ல, “அந்த அக்கா என்னைப் பார்த்தவா” என்பது. சுவரில் வீசும் ஒளிப்படம் யாரையும் பார்ப்பதில்லை.

அந்த ஊர்வலம் 2012இல் நின்றது; பூங்காவின் 20ஆம் ஆண்டுக்காகக் கோட்டையில் ஒளிப்படமும் நீரூற்றும் வாணமும் சேர்ந்த காட்சி அதன் இடத்துக்கு வந்தது. அவ்வளவு வடக்கே உள்ள ஊரில் அந்த முடிவில் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2024 ஜனவரியில் அதே பூங்கா, பழைய மின் ஊர்வலத்தின் உருவங்களை ட்ரோன்களால் வானத்தில் வரைந்து, அதற்கு ‘வான் மின் ஊர்வலம்’ என்ற பொருளில் பெயரும் வைத்தது. ஊர்வலத்தைக் கைவிட்ட இடத்திலேயே ஊர்வலம் என்ற பெயர் தேவைப்படுகிறது! அழகான காட்சிதான். எனினும் அது தலைக்கு மேலே நிற்பது, நம்மிடம் வராதது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆளில்லா வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்று பெயர் வைத்து, அதன் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் இறக்கிய ஊர் இது. வாணவெடிக்கு இன்றும் திடுக்கிட்டு எழும்பும் பெரியவர்கள் என் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். உலகத்துப் பூங்காக்களுக்கு இது ஒரு காரணமாகாது, உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஆகும்.

ஊர்வலத்தை மாற்றப் போய்க் கெடுத்த கதையும் உண்டு. கலிபோர்னியாப் பூங்கா 1996 நவம்பரில் பழைய ஊர்வலத்தைப் பெரும் பிரியாவிடையோடு நிறுத்தி, அதன் குமிழ்களை நினைவுப் பொருளாக விற்றது. அடுத்த மே மாதம் ‘லைட் மேஜிக்’ என்ற புதியதைக் கொண்டுவந்து, செப்டெம்பரிலேயே மூடிவிட்டது. ஊர்திகள் குறித்த இடங்களுக்கு வந்து நின்று, அங்கே ஆட்டமும் காட்சியும் நடத்திவிட்டுப் போகும் வகையில் அது அமைந்திருந்தது. பலர் அதன் தோல்விக்குப் பல காரணம் சொல்வர்; என்னைக் கேட்டால், நகர வேண்டியதை நிறுத்தியதுதான் பிழை. நின்ற இடத்தில் இருந்தவருக்குத் திருவிழா, இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவில் இருந்தவருக்கு வெறும் வீதி.

இதற்கு மாறாகத் தோக்கியோ டிஸ்னிலாண்டைப் பாருங்கள். 1985இல் தொடங்கி பத்து வருடம் மின் ஊர்வலம், 1995இலிருந்து 2001 வரை வேறொன்று, 2001 யூனிலிருந்து ‘ட்ரீம்லைட்ஸ்’ என்ற பெயரில் மீண்டும் பழைய மெட்டோடு புதிய ஊர்திகள். அதன் பிறகு முழுவதையும் தூக்கியெறியாமல், சில வருடங்களுக்கு ஒருமுறை சில ஊர்திகளை மட்டும் மாற்றி வருகிறார்கள். கோவிலில் இந்த வருடம் மயில் வாகனத்துக்கு வர்ணம், அடுத்த வருடம் இடும்பனுக்குப் புதுத் தண்டு என்று உபயகாரர் பிரித்துச் செய்வதுபோலத்தான் இது. செலவு ஒரே வருடத்தில் தலையில் விழாது, சனமும் எது புதிது என்று தேடிப் பார்க்கும். புளோரிடா டிஸ்னி உலகத்தில் உள்ள மஜிக் கிங்டம் பூங்கா இதைச் செய்யவில்லை. 2016 ஒக்டோபரில் இரவு ஊர்வலத்தை நிறுத்தியபின் ஏறத்தாழ ஒன்பது வருடம் அந்த வீதியில் வழக்கமான இரவு ஊர்வலம் இல்லை. 2025 யூலை 20 அன்றுதான் ‘ஸ்டார்லைட்’ என்ற புதியது வந்தது. ஊர்வலம் தேவையில்லை என்று கணக்குக் காட்ட முடிந்திருந்தால், இத்தனை செலவில் அதைத் திரும்ப உருவாக்கியிருக்க மாட்டார்கள். வியாபாரக் கணக்கும் ஒருவகையில் எளிதானது. சனம் இருட்டும்வரை நின்றால் இராச்சாப்பாடும் அங்கேயே சாப்பிடும், ஊர்வலம் போகும் நேரத்தில் மற்ற விளையாட்டுகளின் வரிசை குறையும், ஓர் இரவில் இரண்டு தடவை விட்டால் வீடு திரும்பும் கூட்டமும் இரண்டாகப் பிரியும்.

ஆகவே தொடரட்டும் என்கிறேன், சில எல்லைகளோடு. வடக்கே நெடும் பகலுள்ள ஊர்களில் அதை இலையுதிர், குளிர் காலங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். இடம் குறுகிய சிறு பூங்காக்கள் முயலவே வேண்டாம்; ஒடுக்கமான வழியில் ஊர்தி விட்டால் விபத்துத்தான் மிஞ்சும். குமிழ்களின் எண்ணிக்கையில் போட்டி போடுவதும் வீண். எல்ஈடி வந்தபின் பத்து இலட்சம் விளக்குகள் பெரிய காரியமே அல்ல, 2015இல் கலிபோர்னியாவுக்கு வந்த ‘பெயின்ட் த நைட்’ அதைத் தாண்டிவிட்டது. எதைக் குறைத்தாலும் நடந்து வரும் மனிதர்களைக் குறைக்கக் கூடாது. கண்டிப் பெரஹராவில் இன்றும் இரும்புக் கூடைகளில் கொப்பறா எரியும் பந்தங்களை ஆட்கள்தான் சுமந்து நடக்கிறார்கள், வீதி விளக்கு இல்லாமல் அல்ல.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. வன்னியில் இப்போது உள்ளது, வருடத்தில் சில நாட்கள் இராட்டினமும் மரணக்கிணறும் கொண்டுவந்து இறக்கும் கார்னிவல் மட்டுமே. ஒரு பூங்கா அமைந்தால் இரவு ஊர்வலம் அதற்கு நன்றாகவே பொருந்தும். இங்கே இருட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வெடிச் சத்தமில்லாத ஒளிக்கு இங்கே மதிப்பும் அதிகம், ஊர்தி கட்டத் தெரிந்த கைகளும் ஒவ்வொரு கோவிலடியிலும் இருக்கின்றன. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாரி மழை என்பதால் அந்த மாதங்களில் ஊர்திகளைக் கொட்டகைக்குள் விட்டுத் திருத்த வேலை பார்க்கலாம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் உயரம் குறைக்க வேண்டும். இருபது அடித் தட்டி ஒன்றைக் காற்றில் பிடித்துக்கொண்டு நடந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நேரத்தை மட்டும் பாரிசைப் பார்த்து வைத்துவிடாதீர்கள். வருவோரில் பெரும்பாலானோர் உள்ளூர்களிலிருந்து பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் வருவார்கள். பின்னிரவில் காட்டோர வீதிகளில் யானை நிற்கும். ஆறே முக்காலுக்கு முதல் விளக்கு எரிய வேண்டும், ஏழேகாலுக்குக் கடைசி ஊர்தி கொட்டகைக்குள் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் கடைசி பஸ் புறப்பட வேண்டும் என்று பஸ் டிப்போ முகாமையாளரிடம் முன்கூட்டியே பேசி, அந்த நேர அட்டவணையையும் உங்கள் ஒப்படையில் இணைத்துவிடுங்கள்.